மன்றம் இல்லாத இருபத்து மூன்று ஆண்டுகள்

1973ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. காரணம் மஸ்டர் ரோல் ஊழல். தற்காலிக ஏற்பாடாகத் தோன்றிய அந்நடவடிக்கை 1996 வரை நீண்டது. 1688இல் தோன்றிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சியில் இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. ஊழலைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் நகரை யார் மாற்றியமைத்தார்கள், அவர்களை யார் கேள்வி கேட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நகரைச் சீரமைக்கத் தனி அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் பம்பாயில் பிளேக் நோயோடு வந்தது. 1898இல் அங்கு அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டின் பதினான்கு உறுப்பினர்களில் மாநகராட்சி தேர்ந்தெடுத்தவர்கள் நால்வர் மட்டுமே. ஆயினும் டிரஸ்டுக்கு மாநகராட்சி வருவாயிலிருந்தே பங்கு சென்றது. பணம் கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் வாய் இருக்கும் அல்லவா? நெடுங்காலப் பூசலுக்குப் பின் 1933இல் டிரஸ்டே மாநகராட்சிக்குள் கரைந்தது.

சென்னையின் பாதை நேர்மாறானது. இங்கிருந்த நகர மேம்பாட்டு டிரஸ்டின் பணிகள் 1961இல் மாநில வீட்டுவசதி வாரியத்திடம் சென்றன, இன்று சி.ஐ.டி. நகர் என்ற பெயரில் மட்டும் அதன் நினைவு எஞ்சியுள்ளது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அதன் தலைவரை நியமித்தது அரசு. நொச்சிக்குப்பத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பிய அதன் தொடக்கக் காலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1972இல் தற்காலிகக் குழுவாகத் தொடங்கிய பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டபூர்வ அமைப்பாயிற்று. மன்றம் கலைந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே திட்டமிட்ட சதி இருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. விளைவு மட்டும் தெளிவு. 1977 முதல் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைத் திட்டங்கள் வந்தபோது, மாநகராட்சி மன்றத்தின் அதிகாரம் சிறப்பு அதிகாரியின் கையில் இருந்தது. குடியிருப்பு கட்டுவது வாரியம். குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு ஏற்றுவதும் மாநகராட்சி. இவற்றுக்கிடையே பிணக்கு எழுந்தால் கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கோட்டைக்குக் கட்டுப்பட்டவர்கள். ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் கேள்வி நேரம் என்ற ஒன்றே இல்லை.

1992இன் 74ஆம் அரசியலமைப்புத் திருத்தமே தேர்தலுக்கு வழி திறந்தது. அது இணைத்த பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் இனம் நகரத் திட்டமிடல். பத்தாவது குடிசைப் பகுதி மேம்பாடு. ஆனால் மாநிலங்கள் அவ்வதிகாரங்களை நகராட்சிகளுக்கு ‘வழங்கலாம்’ என்றுதான் சட்டம் சொன்னது, ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் வாரியமும் குழுமமும் முன்போலவே நிலைத்தன. பனச்சமூட்டுக்கு அருகிலுள்ள பெருநகரான திருவனந்தபுரத்திலும், 1980இல் அமைந்த வளர்ச்சி ஆணையம் திருத்தத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. 2017இல் அந்நகரம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானபோது, பணிகளுக்கென ஒரு நிறுவனம் முளைத்தது. அதில் மாநகராட்சி பாதிப் பங்குதாரர். பங்குதாரருக்கு உரியது இயக்குநர் குழுவில் இடம், மன்றத்தின் கேள்வி நேரம் அன்று.

சென்னையில் 1996க்குப் பின் வார்டு உறுப்பினர்கள் திரும்பினார்கள். அவர்கள் யாருக்காகப் பேச வேண்டுமோ அம்மக்களில் பலர் வெளியே அனுப்பப்பட்டார்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு 2000 முதல் கண்ணகி நகரில் வீடு தரப்பட்டது. அது அன்று ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி. பழைய வார்டு உறுப்பினருக்கு அவர்கள் இனி வாக்காளர்கள் அல்லர். ஊராட்சித் தலைவருக்கோ, அவ்வளவு பெரிய குடியிருப்பைக் கட்டிய வாரியத்தை அசைக்கும் வலிமை இல்லை. வீட்டோடு வேலையையும் பள்ளியையும் இழந்தவர்கள், கேட்பதற்கான இடத்தையும் இழந்தார்கள்.

2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. கண்ணகி நகருக்கு வார்டு கிடைத்தது. அப்போது பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டிருந்தன. பெரும்பாக்கம் புதிய எல்லைக்கும் வெளியே இருந்தது.