பழமையின் வேடம்: அயர்லாந்துப் பெண்பெயர்கள் கடந்துவந்த வழி

அயர்லாந்துப் பெண்பெயர்களுக்குப் பொருள் சொல்லும் கையேடுகளுக்குக் குறைவில்லை. நீவ் என்றால் ஒளி, சீர்ஷா என்றால் விடுதலை, ஷிவான் என்றால் இறையருள் என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். இந்த மூன்றில் முதலாவது பழங்கதையிலிருந்து வந்தது. இரண்டாவது, பெயர் என்ற அளவில், 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதன்று. மூன்றாவது நார்மன் படையெடுப்புக்குப் பின் பிரெஞ்சு மொழிவழி நுழைந்தது. கையேடுகள் பொருளைச் சொல்லி வயதைச் சொல்லாமல் விடுவதால் எல்லாமே ஒரே தொன்மையின் பிள்ளைகளாகத் தோன்றுகின்றன. வயதைத் தேடிப் போனால் படம் தலைகீழாகிறது. மிகப் பழையவை என்று கொண்டாடப்படும் பெயர்களில் பல புதியவை. இடைக்காலத்தில் வீடுதோறும் வழங்கிய பெயர்களில் பல இன்று வழக்கொழிந்தவை.

தொடக்கக் காலச் சான்றுகள் பெண்களைப் பொறுத்தவரை மெலிந்தவை. ஓகம் எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் ஏறத்தாழ முழுவதும் ஆண்பெயர்களே. குலவரிசை ஏடுகளும் தந்தை, மகன், பேரன் என்றே நீள்கின்றன. இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது ‘பன்ஹெனஹஸ்’ எனப்படும் மகளிர் வரலாற்றுத் தொகுப்பு. அதன் செய்யுள் வடிவத்தை 1147இல் கில்லா மொ துது ஓ காசிதே இயற்றினார். அரசகுலப் பெண்கள் யாருக்கு மகள், யாரை மணந்தார், யாரைப் பெற்றார் என்பதே அதன் பொருள். அதில் கோர்ம்லா, சைவ், மோர் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோர்ம்லா என்பதில் ‘புகழ்மிக்க’, ‘ஆட்சி’ என்னும் இரு சொற்கள் இணைந்துள்ளன. டப்ளின் அரசன் அவ்லீவ் குவாரானையும் பின்னர் அயர்லாந்து மன்னன் பிரையன் போருவையும் மணந்து 1030இல் இறந்த கோர்ம்லாவே அப்பெயரினருள் பெரிதும் பேசப்பட்டவர். பிரையன் போருவின் மகள் ஒருத்தியின் பெயர் சைவ். இனிமை, நன்மை என்று அதற்குப் பொருள் கூறுவர்.

இடைக்காலத்தின் பிற்பகுதியில் மிகப் பரவலாக வழங்கியது மோர் என்ற பெயர். பொருள் ‘பெரியவள்’, ‘உயர்ந்தவள்’. சுடருக்கும் மதுவுக்கும் உரிய சொற்களைச் சேர்த்த லாசரீனா என்ற அழகிய பெயரும் அக்காலத்தது. இவ்விரண்டையும் இன்று வைப்பவர் மிகச் சிலரே.

பக்தியே சில பெயர்களுக்குத் தடையாக நின்றதுதான் இந்த வரலாற்றின் வியப்பான பகுதி. மரியாளின் பெயரை முற்கால அயர்லாந்தில் பெண்குழந்தைக்கு நேரடியாகச் சூட்டவில்லை. ‘மைல் முய்ரே’ என்று அடைமொழியோடு வைத்தார்கள். மைல் என்பது மழித்த தலையைக் குறித்து, அதன்வழி அடியவரைக் குறிப்பது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. ஸ்காட்லாந்து மன்னன் கென்னத் மக்கால்பினின் மகளும் இரண்டு அயர்லாந்து மன்னர்களின் மனைவியுமாகி 913இல் இறந்த அரசியின் பெயர் இதுவே. பிரெஞ்சு ‘மரீ’யிலிருந்து ‘மாய்ரே’ என்ற வடிவம் உருவான பிறகுதான் சாதாரணப் பெண்ணுக்கும் அப்பெயர் கிடைத்தது. இன்றும் ‘முய்ரே’ இறைவனின் தாய்க்கு மட்டும் உரியது. ஐரிஷ் மொழியில் வணக்கத்துக்குப் பதில் சொல்பவர் நாள்தோறும் அந்த வடிவத்தைத்தான் உச்சரிக்கிறார். மாய்ரேயின் ஆங்கில வடிவமான மேரி பின்னாளில் நாட்டையே நிறைத்தது. 1997 குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஐவரில் நால்வர் பெண்கள். அவர்களில் இருவர் மேரி, ஒருவர் ரோஸ்மேரி. பதவிவிலகிச் சென்றிருந்தவரும் மேரி, வென்றவரும் மேரி!

பிரிஜித்தின் கதை இதனினும் கடுமையானது. ‘உயர்ந்தவள்’ என்னும் வேர்ப்பொருள் கொண்ட அப்பெயர் பழைய தெய்வத்துக்கும், கில்டேரில் மடம் நிறுவிய புனிதருக்கும் உரியது. அதனால் நெடுங்காலம் ‘மைல் பிரிக்தே’, ‘கில்லா பிரிக்தே’ என அடியார்ப் பெயர்களே வழங்கின. வெறும் பிரிஜித் பரவலானது 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே. பரவியபின் அது எங்கும் நிறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மணமாகாத இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா போய் வீட்டுவேலையில் அமர்ந்தபோது, ‘பிரிட்ஜெட்’, ‘பிட்டி’ என்றாலே ஐரிஷ் வேலைக்காரி என்றாயிற்று. 1883இல் ‘பக்’ இதழ் வெளியிட்ட கேலிச்சித்திரத்தில் முஷ்டியை உயர்த்தி எசமானியை மிரட்டும் சமையற்காரி அந்த ஏளனத்தின் முகம். நாவுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்த பெயர் சில தலைமுறைக்குள் அடுப்படிக் கேலியாகச் சரிந்தது. 2023 முதல் அதே பிரிஜித்தின் பெயரால் அயர்லாந்தில் அரசு விடுமுறை உண்டு.

1170இல் லைன்ஸ்டர் மன்னன் டெர்மட்டின் மகள் ஈஃபா, நார்மன் பிரபு ஸ்ட்ராங்போவை வாட்டர்ஃபோர்டில் மணந்தாள். அக்கலப்பின் தடம் பெயர்களில் ஆழமாகப் பதிந்தது. ஐரிஷ் மொழியில் இல்லாத பிரெஞ்சு ‘ஜ’ ஒலி ‘ஷ’ ஆகத் திரிய, ஜெஹான் என்பது ஷிவான் ஆயிற்று. ஜெனெட் ஷினேட் ஆயிற்று. செசீலியா ஷீலாவாகவும், கத்தெலின் கேட்லீனாகவும், அவெலின் ஐலீனாகவும் மாறின. உலகம் இன்று ‘அசல் ஐரிஷ்’ என்று அடையாளம் காணும் பெயர்கள் பெரும்பாலும் இவைதாம். எதிர்த்திசைப் போக்கும் இருந்தது: குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பெயர்முறையைக் கைவிட வேண்டும் என்று 1366இன் கில்கெனிச் சட்டம் ஆணையிட்டது. அவர்கள் பரவலாக அவ்வாறு பெயரிட்டதால்தானே தடை தேவைப்பட்டது?

உண்மையான அழிவு வாளால் நேரவில்லை, பதிவேட்டால் நேர்ந்தது. ஆலய ஏடுகள் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டன. 1864இல் பிறப்புப் பதிவு கட்டாயமானபோது அதுவும் ஆங்கிலத்தில்தான். வீட்டில் ஒரு பெயர், ஏட்டில் இன்னொன்று. ஒலி கொஞ்சம் ஒத்திருந்தால் போதும்: கிரான்யா கிரேஸ் ஆனாள், சொரகா சாரா ஆனாள். 1593இல் எலிசபெத் அரசியைச் சந்தித்த கடல்தலைவி கிரான்யாவை ஆங்கில நூல்கள் கிரேஸ் ஒ’மாலி என்றே அழைக்கின்றன. ‘வெண்தோளாள்’ எனப் பொருள்படும் ஃபின்யூலா, கிரேக்கக் காப்பியத்தின் பெனலோப்பியாக எழுதப்பட்டாள். ஊனாவை ஆட்டுக்குட்டிக்குரிய ஐரிஷ் சொல்லோடு தொடர்புபடுத்தி, அதே பொருள் தரும் இலத்தீன் சொல்லை நினைவூட்டும் ஆக்னஸ் ஆக்கினார்கள். பாலிவூர்னி என்ற ஊரில் தேனீக்களின் காவல் புனிதராக வணங்கப்படும் கோப்னட்டின் பெயர், எபிரேயத்தில் தேனீ எனப் பொருள்படும் டெபோராவாயிற்று. பெயர்ப்பொருள் அறிந்து மாற்றிய புலமை இந்த ஒன்றிரண்டில் மட்டும் தெரிகிறது. மற்றவை எழுத்தரின் செவிக்கு எட்டியவை. இந்த இணைகளைப் பின்னர் பேட்ரிக் உல்ஃப் என்ற பாதிரியார் பொறுமையாகத் தொகுத்து வைத்தார்.

1893இல் ஐரிஷ் மொழியை மீட்கும் அமைப்பான கேலிக் லீக் தோன்றியபின் மீட்சி தொடங்கியது. ஆனால் மீட்டவர்கள் குலவரிசை ஏடுகளைவிட இலக்கியத்தையே அதிகம் நாடினர். டீர்ட்ரா பழங்கதையின் துயர நாயகி. அப்பெயரைத் தம் மகளுக்குச் சூட்டும் வழக்கம், யேட்ஸ் 1906இலும் சிங் 1910இலும் மேடையேறிய தம் நாடகங்களில் அவளுக்குப் புத்துயிர் கொடுத்த காலத்தையொட்டியே வந்தது. ‘அஷ்லிங்’ என்பது 18ஆம் நூற்றாண்டில் நாட்டையே பெண்ணாகக் கனவில் கண்டு பாடிய கவிதை வகையின் பெயர். அது பெண்ணின் பெயரானது அண்மையில்தான். சீர்ஷாவும் அவ்வாறே. 1922இல் அமைந்த சுதந்திர அரசின் ஐரிஷ் பெயரிலும் அதே வேர்ச்சொல் இருக்கிறது. அரசியல் முழக்கம் தொட்டிலுக்கு வந்தது. கொலீன் இன்னும் விசித்திரம். ‘பெண்பிள்ளை’ என்று மட்டுமே பொருள்படும் அச்சொல்லை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெயராக வைத்தார்கள். தாயகத்தில் அப்படி வைப்பதில்லை.

2021இல் அயர்லாந்தில் பெண்குழந்தைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்பட்ட பெயர் ஃபீயா. காட்டுத்தன்மையையும் மானையும் குறிக்கும் சொல் அது. பெயராக அது மிகப் புதியது. எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் அகராதியில் அச்சொல் ஒலிக்காத இரண்டு ஈற்றெழுத்துகளை இழந்து மூன்றெழுத்தாகச் சுருங்கிவிட்டது. பெற்றோரோ பிறப்புப் பதிவில் அந்த இரு எழுத்துகளையும் விடாமல் சேர்த்தே எழுதுகிறார்கள். ஏடுகளில் நூற்றாண்டுக்கணக்கில் நின்ற மோர் அந்த ஆண்டின் பெயர்ப் பட்டியலின் முன்வரிசையில் இல்லை.