பழைய ஜீப்பின் ரேடியேட்டரை இரும்புக்குப் போடும் முன்



பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அதன் ரேடியேட்டரை மாற்றப் போகிறார். "பழையதை இரும்புக்குப் போட்டால் பித்தளை விலைக்கு நாலு சல்லி வரும்தானே சேர்?" என்று கேட்டார். வரும்தான். ஆனாலும் அது எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறிய வாகனம் ஒன்று வேண்டுமென்று 135 கம்பனிகளுக்கு அழைப்பு அனுப்பியது. பாண்டம் என்ற சிறிய கம்பனிதான் செப்டம்பரில் முதல் மாதிரியைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸ், போர்ட் இரண்டும் வந்தன. கடைசியில் வில்லிஸின் வடிவம் தெரிவானது. ஆனால் போருக்குத் தேவையான தொகையை ஒரு கம்பனி தனியாகச் செய்து முடிக்க முடியாது. அதனால் போர்ட் கம்பனியும் வில்லிஸின் வரைபடப்படியே செய்ய வேண்டும், ஒன்றின் பாகம் மற்றதில் அப்படியே பொருந்த வேண்டும் என்று ஏற்பாடானது. 1945 வரை இரண்டும் சேர்ந்து 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைச் செய்தன. போர்ட் தன் பாகங்களில் 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. இன்றும் பழைய ஜீப்பின் ஆணித் தலைகளில்கூட அந்த எழுத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் போர் நமக்குத் தூரத்து விஷயமல்ல. மூதூர்க் கரையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் பார்த்தால் தெரிகிற திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். பிரித்தானியரின் கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு ஒதுங்கிப்போய், 1944 தொடக்கத்தில்தான் திருகோணமலைக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. ஜீப் இந்தப் பிராந்தியம் முழுவதும் ஓடிய காலம் அது.

நம் வீதியில் காணும் எல்லா ஜீப்பும் போர்க்கால ஜீப் அல்ல. முன்முகத்தில் ஒன்பது கீற்று இருந்தால் பெரும்பாலும் போர்க்கால வடிவம். ஏழு கீற்றும் பெரிய விளக்கும் இருந்தால் 1945க்குப் பிறகு பொதுமக்களுக்காக வந்தது. 1947 முதல் பம்பாயில் ஒரு கம்பனி வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது. அதன் அப்போதைய பெயர் 'மஹிந்திரா அன்ட் முஹம்மத்'. அந்தக் குலாம் முஹம்மத் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். கம்பனி 1948இல் 'மஹிந்திரா அன்ட் மஹிந்திரா' ஆனது. ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்தக் காலத்து வண்டி என்று பார்த்துவிட்டு, பழைய ரேடியேட்டரை அளந்த பிறகு புதியதைத் தேடுங்கள். எல்லா ஜீப்பின் ரேடியேட்டரும் ஒரே உயரம் அல்ல.

சரி, ரேடியேட்டர் ஏன் இவ்வளவு முக்கியம்? பழைய ஜீப்பின் எஞ்சின் 2.2 லீற்றர், 60 குதிரைவலு. அதன் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், அடிக்கட்டைக்குள் இருக்கின்றன. எரிந்த புகை அந்தக் கட்டைக்குள்ளால் போய்த்தான் வெளியேற வேண்டும். அதனால் தண்ணீருக்கு ஏறும் சூடும் அதிகம். அந்தச் சூட்டை வெளியேற்றும் வேலை ஏறக்குறைய 10 லீற்றர் தண்ணீருக்கும், மெல்லிய செப்புச் செதில்கள் கொண்ட நடுப்பகுதிக்கும் உரியது. கராஜில் அதை 'கோர்' என்பார்கள். மணல் பாதையில் முதல் கியரில் மெதுவாகப் போகும்போது எதிர்க்காற்று கிடையாது, விசிறி மட்டும்தான். கோர் அடைத்திருந்தால் அங்கேதான் கொதிக்கும்.

நம் பக்கத்தில் கோர் கெடுவதற்கு முக்கிய காரணம் தண்ணீர். உவர்க்கிணற்று நீரை வருடக்கணக்கில் ஊற்றினால் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். உப்பு பித்தளையையும் ஈயப்பற்றையும் அரிக்கும். புதியது போட்டாலும் அதே தண்ணீரை ஊற்றினால் சில வருடத்தில் அதே கதைதான். மழைநீர் அல்லது வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

கழற்றுவது கடினமல்ல. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. கீழேயுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்து, மேல் கீழ் ஹோஸ் இரண்டையும் கழற்றி, மேலே பிடித்திருக்கும் கம்பியையும் அடியில் உள்ள நட்டுகளையும் எடுத்துவிட்டு, விசிறி கோரில் உரசாமல் நேராக மேலே தூக்க வேண்டும். ஹோஸையும் தேர்மோஸ்டாட்டையும் அதோடு மாற்றிவிடுங்கள். எஞ்சினுக்குள் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் உள்ளே கிடக்கும் துருவெல்லாம் புதிய கோருக்குள் போய் அடைக்கும். இன்றைய காரின் உயரழுத்த மூடியைப் பூட்டவே வேண்டாம். பழைய ஈயப்பற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது.

இனிப் பழையதை என்ன செய்வது? புதுக் கார்களின் ரேடியேட்டர் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்த்து நெருக்கிப் பூட்டியது. உடைந்தால் பெரும்பாலும் எறியத்தான் வேண்டும். பழையது செம்பும் பித்தளையும். போர்க்களத்தில் கிடைத்த ஆயுதங்களோடு திருத்தி ஓட வேண்டிய வண்டி அது. மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் சூடாக்கிக் கழற்றி, நடுவில் புதிய கோர் வைத்து மீண்டும் பற்றவைக்கலாம். பிறகு துவாரங்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்தால், குமிழி வரும் இடம் ஓட்டை. இதைச் செய்யத் தெரிந்த பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் அந்த வேலையைப் பழகும் இளைஞர்கள் குறைவு. பழைய ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக இரும்புக்குப் போட்டுவிட்டால் அந்தக் கைவேலைக்கும் வேலை இல்லாமல் போகும்.

நம் ஊர் 2004இல் சுனாமியைக் கண்டது. 2006இல் உடுத்த உடையோடு கந்தளாய்க்கு நடந்தது. எத்தனை வீட்டின் படங்களும் கடதாசிகளும் அப்படிப் போயின என்று உங்களுக்கே தெரியும். மிஞ்சியிருப்பதையாவது நாமே நிறைக்கு விற்காமல் இருப்போம். கோர் திருத்த முடியாத நிலையில் இருந்தால் புதியது போடுங்கள், குற்றமில்லை. ஆனால் பொறித்த எழுத்தோ இலக்கமோ உள்ள தொட்டியை எடுத்து வையுங்கள். ஒரு படம் பிடியுங்கள். வண்டி யாரிடமிருந்து வந்தது, யார் திருத்தினார் என்று நாலு வரி எழுதி வையுங்கள்.

உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ ஜீப் ஓட்டியவர், திருத்தியவர் என்றால், அவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பிப் பதிவுசெய்யச் சொல்ல நினைத்திருக்கிறேன். பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்து முடிக்க வேண்டும்.