நகக்கண்ணளவு செம்பு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், புசல்லாவையை அடுத்து, ரொத்சைல்ட் தோட்டம் இருக்கிறது. வேர்ம்ஸ் சகோதரர் 1841இல் கோப்பிக்கென்று காடழித்துத் திறந்த தோட்டம் அது. ஐரோப்பிய வங்கிக் குடும்பமொன்றுக்கு அவர்கள் உறவினராதலால் அப்பெயர் வாய்த்தது. கோப்பியின் கதையையும், அதன்பின் வந்த தேயிலையின் கதையையும், அவ்விரண்டுக்கும் உரமாகிப்போன நம் மக்களின் கதையையும் நாம் ஓரளவேனும் எழுதியிருக்கிறோம். அக்காடுகளில் ஒலித்த துவக்கின் கதையை எழுதவில்லை. அத்துவக்கின் மிகச் சிறிய உறுப்பு, நகக்கண்ணளவே உள்ள செம்புக் கேப்பு. அதை நாம் ஒரு பொருட்டாகவே கருதியதில்லை.

துவக்கின் குழலை ஊர்க் கொல்லன் அடித்துவிடுவான். ஈயத்தை உருக்கி ரவை வார்ப்பது அடுப்படி வேலை. ஆனால் மருந்துக்குத் தீ வைப்பது எது? இக்கேள்விக்கு ஒவ்வொரு காலமும் சொன்ன விடையில்தான் ஆண்டானுக்கும் அடங்கியவனுக்கும் இடையிலான தூரம் அளக்கப்பட்டிருக்கிறது.

கண்டி இராச்சியத்தை எடுத்துக்கொள்வோம். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் டச்சுக்காரர் வசமாயிற்று. மலைநாட்டுக்கு ஒரு துறைமுகமும் மிஞ்சவில்லை. அப்படியிருந்தும் கண்டிக் கொல்லர்கள், விசைப்பொறியை இடப்பக்கத்தில் அமைத்து, தமக்கேயுரிய துவக்குகளைச் செய்து வந்தனர். வெள்ளி பதித்த அவற்றின் அழகை இன்றும் நூதனசாலைகளில் காணலாம். மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு மலைக் குகைகளின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1816 முதல் 1820 வரை இலங்கையிலிருந்த படை வைத்தியர் ஜோன் டேவி, தும்பறைப் பகுதியில் அத்தகைய குகையொன்றைத் தாம் பார்த்ததை எழுதியிருக்கிறார். அது இராசகாரிய ஊழியம் என்பதை, கொல்லனின் கலையை வியக்கும்போது நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் ஓர் உண்மை நிற்கிறது: அத்துவக்கின் தீ, திரியானாலும் சிக்கிமுக்கிக் கல்லானாலும், ஊருக்குள்ளேயே பிறந்தது.

இந்நிலையைக் குலைத்தவர் ஒரு பாதிரியார் என்பது வேடிக்கைதான். ஸ்கொத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் ஊரில் ஊழியம் செய்த அலெக்சாந்தர் ஃபோர்சைத், பறவை வேட்டைப் பிரியர். கல்லுரசிய பொறியைக் கண்டு, குண்டு வந்து சேருமுன் பறவை பறந்துவிடுகிறதே என்ற மனக்குறையால், அடித்தவுடன் தானே வெடிக்கும் இரசாயனப் பொருளைத் துவக்கில் பயன்படுத்த வழி கண்டு, 1807இல் காப்புரிமை பெற்றார். பின்னர் வந்தவர்கள் அப்பொருளைச் செம்புக் கிண்ணியொன்றில் அடைத்தனர். அதுவே கேப்பு. கல்லும் திரியும் மழையில் நனைந்தால் சும்மா கிடக்கும். கேப்போ பெரும்பாலும் ஏமாற்றாது. புசல்லாவையின் மழையை அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஆனால் அதை ஊர்க் கொல்லன் செய்ய முடியாது. செம்புத் தகட்டை ஒரே அளவில் அழுத்தும் இயந்திரம் வேண்டும், இரசாயனசாலை வேண்டும், அவ்விரண்டும் ஆள்பவனிடமே இருந்தன.

துரைமார் இப்புதிய துவக்குகளோடு காட்டினுள் புகுந்தனர். மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். யானையைக் கொன்றவனுக்கு அரசாங்கம் வெகுமதி கொடுத்த காலமும் இருந்தது. அதே அரசாங்கம், 1848இல், சேனையைப் பன்றியிடமிருந்து காக்கப் பழந்துவக்கு வைத்திருந்த குடியானவனிடம் ஆண்டுக்கு இரண்டரைச் சிலிங் வரி கேட்டது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்குரிய காரணங்களுள் இத்துவக்கு வரியும் ஒன்று. புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

கேப்பின் முழு வலிமையையும் உலகம் கண்டது 1857இல். கொழுப்புத் தடவிய தோட்டாவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அத்தோட்டாவைப் பற்றிய வதந்தி முளைத்த டம்டம், வெடிபொருட் தொழிற்சாலை இருந்த ஊர் என்பதையும், எழுந்து நின்ற சிப்பாயைப் பின்னர் முடக்கியவற்றுள் கேப்புப் பஞ்சமும் ஒன்று என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. டில்லியில் மருந்து அரைத்தார்கள். ஆகஸ்ட் 7ஆம் நாள் அம்மருந்துச் சாலை வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மருந்து இருந்த இடங்களிலும் கேப்பு இல்லை. எனவே கும்பினியின் புதிய துவக்குகளைப் பழைய திரித் துவக்குகளாக மாற்றிப் போரிட்டவர்கள் உண்டு. முன்னேற்றத்தின் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டு பின்னே நடக்க வேண்டிய நிலை! இதை அவர்களுடைய அறியாமை என்று எழுதிய வெள்ளை ஆசிரியர்களை நாம் மன்னிக்க வேண்டியதில்லை.

இதே இடர் சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கு நேர்ந்தது. கோர்கஸ் என்னும் படைக்கல அதிகாரி, சாராயம் காய்ச்சும் செம்புக் கொப்பரைகளைப் பறித்துத் தகடாக்கினார். பாதரசம் தீர்ந்தபோது அவருடைய இரசாயனியர் வேறு கலவைக்கு மாறினர். அடிமை முறையைக் காக்க எழுந்த படை அது. அதன் தோல்வியில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அவர்களிடம் தொழிற்சாலையும் இரசாயனியரும் இருந்தமையால் மாற்று அகப்பட்டது. அயோத்தியின் சிப்பாய்க்கு அகப்பட்டது திரி.

1866க்குப் பின் கேப்பு, தோட்டாவின் அடியிலேயே புகுந்துவிட்டது. ஆங்கிலேயரான பொக்ஸர் ஒரு வகையையும், அமெரிக்கரான பேர்டன் வேறொரு வகையையும் அமைத்தனர். பொக்ஸரின் கேப்பில் பட்டடை உள்ளேயே இருக்கிறது. பேர்டனின் முறையில் அது தோட்டாக் கூட்டோடு சேர்ந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பொருந்தினாற்போலத் தோன்றும் கேப்பிலும் வலு வேறுபட்டால் குழலுக்குள் அழுத்தம் வேறுபடும். தட்டுப்பாட்டுக் காலங்களில் கிடைத்ததைச் செருகிப் பார்த்தவர்களில் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு.

நம் நாட்டு ஏழையின் துவக்கோ அந்தத் தோட்டாவரைகூட வந்து சேரவில்லை. காட்டுப்பன்றிக்கென்று ஒளித்துக் கட்டப்படும் கட்டுத்துவக்கு இன்றும் வாய்வழி மருந்திடும் துவக்குத்தான். கம்பியில் தட்டுப்படுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. அக்காயங்கள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. காலில்லாதவனுக்குத் தோட்டத்தில் என்ன பேர் போடுவார்கள்?

புசல்லாவைக்கு அப்பால், ஹேவாஹெட்டைப் பக்கத்தில், முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி விழுந்தார். உலகப் போர் தொடங்கி நான்கு மாதங்களாகியிருந்தன. அன்று அந்தப் பொலிசாரிடம் தோட்டாவுக்குக் குறைவிருக்கவில்லை.