சுவருக்கு இருபுறமும்

பங்குகளில் ஜூபிலி மலர் வெளியிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாள், மணி வந்து சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய பங்குத்தந்தையரின் வரிசை, நன்கொடையாளர் பெயர்கள், இடையிடையே விளம்பரங்கள். பங்கின் வரலாறு என்று நாம் எழுதி வைப்பது பெரும்பாலும் இவ்வளவே. அந்த ஆலயத்துக்குள் யார் எங்கே அமர்ந்தார்கள், எந்த வாசலில் நுழைந்தார்கள், யாருடைய தெருவுக்குத் தேர் போனது, யாருடைய தெருவுக்குப் போகவில்லை என்பவற்றை மலர்கள் சொல்வது அரிது. அண்மையில் நமது பங்கின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டிய நாட்களில் நம் நினைவு அடிக்கடி வேறோர் ஊரின் கோவிலுக்கே சென்றது. அந்த ஊர் வடக்கன்குளம்.

நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ளது வடக்கன்குளம். 1741 இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். அவர் அரண்மனைப் பகுதியை விட்டு இந்த ஊருக்கு வந்து, 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளின் கையால் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 1752 சனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்களோடு வேறுபாடின்றிப் பழகினார், உடனுண்டார் என்பதும் அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று என நம் மரபு சொல்லி வருகிறது.

அதே 1745 ஆம் ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் வேறொரு நிகழ்ச்சி. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அங்குள்ள சம்பாக்கோவிலின் உட்புறத்தில் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள். மறுபுறம் பிற சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். தாங்களும் உங்கள் சீடர்கள்தாமே என்று ஒதுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. ஊரில் பெரும் கலகம் எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1744 செப்டம்பர் 12 அன்று, திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர், மலபார் வழிபாட்டு முறைகள் பற்றிய நீண்ட சர்ச்சைக்கு முடிவுகட்டும் மடலை வெளியிட்டிருந்தார்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாட்களில் இந்தச் சர்ச்சையை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீரைப் பயன்படுத்தலாமா, நெற்றியில் சாம்பல் இடலாமா என்பனவெல்லாம் நன்றாக நினைவில் நின்றன. ஒரே கூரையின்கீழ் எல்லாரும் அமரலாமா என்பதும் அந்தச் சர்ச்சையின் ஒரு பகுதி என்பது ஏனோ மனத்தில் பதியவில்லை. 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நோபிலி அடிகள் முதற்கொண்டு பலர், சாதியைச் சமூக வழக்கம் என்றே கருதினர். அது சமயத்தின் பகுதியன்று, ஆகவே காலப்போக்கில் தானே உதிரும் என்று நம்பினர். அவர்களைக் கல்மனம் படைத்தவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் நம்பியபடி அது உதிரவில்லை.

1773 இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. மீண்டும் நிறுவப்பட்ட சபையின் குருக்கள் 1838 இல் மதுரை மறைத்தளத்திற்குத் திரும்பினார்கள். அப்போது தென்பாண்டி நாட்டில் சீர்திருத்த சபையாரின் பணி விரிந்துகொண்டிருந்தது. அவர்களிடையே கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833 இல் சாதி வேறுபாட்டை உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட, தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்ட பலர் அதை எதிர்த்து நின்றனர். கண்டிப்புக் காட்டினால் மந்தை கலையும் என்ற அச்சம் கத்தோலிக்கக் குருக்களுக்கும் இருந்திருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சூழலில் எழுந்ததுதான் 1872 இல் வடக்கன்குளத்தில் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம். வெள்ளாளரும் முதலியாரும் ஒருபுறம், நாடார் மறுபுறம் என நெடுநாள் பிணக்கு. இரு தரப்பையும் ஒரே கோவிலில் வைக்க வேண்டும். ஒருவரையொருவர் தொடாமலும் வைக்க வேண்டும். கட்டியவர்கள் கண்ட வழி விசித்திரமானது. ஒரு பீடம்; அதிலிருந்து விரிந்து செல்லும் இரண்டு நீண்ட மண்டபங்கள். பார்த்தவர்கள் அதைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டார்கள். இடுப்புப் பகுதியில் பீடம், கால்களில் மக்கள். பீடத்தில் நிற்கும் குருவை இரு மண்டபத்தாரும் காணலாம். அவர்கள் ஒருவரையொருவர் காண இயலாது.

அந்தப் பீடத்தில் நின்று திருப்பலி நிறைவேற்றிய குருவின் நிலையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அக்கால முறைப்படி அவர் பீடத்தை நோக்கி, மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' எனத் திரும்பும்போது, இரண்டு கூட்டங்கள் அவர் கண்ணில் படும். எந்தக் கூட்டத்தை நோக்கி அவர் கைகளை விரித்திருப்பார்? உடைக்கப்படும் அப்பம் ஒன்று. அதை வாங்க நீளும் வரிசைகள் இரண்டு. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு ஓரிடம், கந்தை உடுத்தியவனுக்கு வேறிடம் காட்டுவோரை யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறாரே, அந்த வாசகம் வந்த நாளில் அவர் மறையுரையில் என்ன சொல்லியிருப்பார்?

முப்பத்தெட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1910 இல் கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை அகற்றினார். சுவர் போனதும் வழக்கு வந்தது. பிள்ளைமாரும் முதலியாரும் திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் ஆண்டகையை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். இடித்த சுவரை மீண்டும் எழுப்ப வேண்டும், பீடப் பணிகளைச் செய்யும் உரிமை தங்களுக்கே உரியதென அறிவிக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கின் தீர்ப்பு 1917 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. பிறருடைய தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை என்று இவர்கள் கேட்பதற்குத் தீட்டு என்ற எண்ணம் தவிர வேறு வேர் இல்லை. கிறிஸ்தவர்களிடையே தீட்டு என்ற ஒன்றை ஏற்க இயலாது. இந்து சமய நூல்களையோ அதன் வழக்காறுகளையோ இவர்கள் துணைக்கு அழைக்கவும் முடியாது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதை, நாம் வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுத்து நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டோம்.

சுவர் இடிவது வேறு, இடம் மாறுவது வேறு. நாம் உதவிப் பங்குத்தந்தையாக முதலில் அனுப்பப்பட்ட பங்கில் சுவர் எதுவும் இல்லை. நடுவில் பாதை, இருபுறமும் பாய். மழைநாள் ஒன்றில், திருப்பலிக்கு வந்த சிலரில் ஒரு மூதாட்டி மட்டும் கடைசித் தூணருகே, கூரை ஒழுகும் இடத்தில் அமர்ந்திருந்தார். முன்னால் வருமாறு அழைத்தோம். "இருக்கட்டும் சாமி, எங்க இடம் இதுதான்" என்றார். அதில் வருத்தமோ கோபமோ இல்லை. வீட்டு முகவரியைச் சொல்வது போலச் சொன்னார். கோவிலில் வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும், 2022 மே 15 அன்று புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று நாம் மகிழ்ந்தோம். இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில் ஒரு சிறிய மாற்றம் நடந்தது. அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட வேண்டும் எனச் சிலர் உரோமைக்கு விண்ணப்பித்தார்கள். அது ஏற்கப்பட்டது. 1745 இல் திருமுழுக்கில் பெற்ற பெயரே புனிதர் வரிசையில் சேர்ந்தது. ஆனால் ஆலய விளம்பரப் பலகைகள் சிலவற்றில் பழைய பட்டம் அதற்குப் பின்னும் நீடித்ததை நாம் கண்டிருக்கிறோம்.

நமது பங்கின் மலருக்கு வருவோம். இங்கே சுவர் இல்லை. தூண்களுக்கு இடையே ஒரு மரக்கிராதி இருந்ததாக முதியோர் சொன்னார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினோம். மலர்க்குழுவில் ஒரு பெரியவர், "பழைய கதை எதற்கு சாமி, பிள்ளைகள் படித்தால் நல்லாவா இருக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் அன்பும் இருந்தது. இருப்பினும் பத்தி அச்சுக்குப் போயிற்று. மலர் வெளியான ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் எண்பது வயதைக் கடந்த ஒருவர் மலரைக் கையில் மடித்துக்கொண்டு சக்ரீஸ்து அறைக்கு வந்தார். கிராதி வலப்புறம் என்று நாம் எழுதியது பிழையாம். நம் கையைப் பிடித்துக் கோவிலுக்குள் அழைத்துச் சென்று, இடப்புறம் மூன்றாம் தூணில், சுண்ணாம்புக்கு அடியில் ஆணி அறைந்த தடத்தைத் தொட்டுக் காட்டினார்.