பெயரிடப்படாத குழந்தையும் ஒரு துளி இரத்தமும்

வட ஆற்காட்டின் வரலாற்றை எழுதுவோர் வேலூர்க் கோட்டையையும் 1806-ஆம் ஆண்டின் சிப்பாய் எழுச்சியையும் விட்டுவிடுவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என நீளும் தோல் தொழிலுக்கும் அதில் ஓர் அத்தியாயம் கிடைத்துவிடும். இதே நிலத்தில் பிறந்த குழந்தைகளை எடைபோட்டு, அளந்து, அவற்றின் பெற்றோர் திருமணத்துக்கு முன் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்டு எழுதிவைத்த வரலாறு ஒன்றும் உண்டு. நமது இலக்கிய வட்டங்களில் அதைப்பற்றிய பேச்சு எழுந்து நாம் கேட்டதில்லை.

அதன் தொடக்கம் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு அவர் மருத்துவம் படிக்கப்போன கதை பலரும் அறிந்தது. மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் அவர் தொடங்கியதே பின்னர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பிள்ளை பெறும் தாயைக் காப்பாற்றுவதே அன்றைய கவலை. பிறந்த குழந்தையின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கக்கூடும் என்று எண்ண இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அக்கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறையைச் சேர்ந்த பி. எஸ். எஸ். சுந்தர ராவும் எஸ். ஜி. இன்பராஜும் 1970-களில் நடத்திய ஆய்வு உலக மரபியலாளரிடையே இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. அன்றைய வட ஆற்காட்டின் கிராமங்களில் ஏறத்தாழ 47 சதவீதத் திருமணங்களும் நகரில் ஏறத்தாழ 29 சதவீதத் திருமணங்களும் இரத்த உறவுக்குள் நடந்தவை என்று அவர்கள் கண்டனர். இப்பகுதி இந்துக்களிடையே மாமன் மகள், அத்தை மகள் உறவோடு அக்காள் மகளை மணப்பதும் வழக்கம். இசுலாமியரிடையே தாய்மாமன் மருமகளை மணப்பது விலக்கு. சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகளை மணப்பதற்குத் தடையில்லை. முறை வேறாயினும் சொத்தும் பெண்ணும் குடும்பத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்ற கணக்கு இருவரிடமும் ஒன்றுதான்.

அவர்களுடைய முடிவு வியப்பளிப்பது. உறவுத் திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் ஏனைய குழந்தைகளுக்கும் பிறப்பு எடையிலோ வளர்ச்சியிலோ பெரிய வேறுபாடு தென்படவில்லை. நூற்றாண்டுகளாகத் தொடரும் வழக்கத்தில் கேடு செய்யும் மரபணுக்கள் தாமாகவே கழிந்து குறைந்திருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தனர். நம் பாட்டிகள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் சராசரி என்பது கூட்டத்தைப் பார்க்கும் கண். ஆயிரத்தில் ஒன்றாக, பத்தாயிரத்தில் ஒன்றாக வரும் நோய் அந்தக் கண்ணில் படாது. அதற்கு ஒவ்வொரு குழந்தையாகச் சோதிக்க வேண்டும்.

அப்படிச் சோதிக்கும் வழியை அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியிருந்தார். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறை. குடும்பத்து உறவில் ஒரு பெண்குழந்தைக்குப் பினைல்கீட்டோனூரியா என்னும் நோய். குதிகாலில் குத்திய இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தி, தபாலில்கூட அனுப்பிவிடலாம் என்பதே அவர் கண்ட எளிமை. 1970-களில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ அதே தாளில் தைராய்டுக் குறைபாட்டையும் கண்டறிந்தார். பணக்கார நாடுகளில் இது பிறப்புச் சடங்கைப்போல ஆகிவிட்டது. இன்று அந்தச் சில துளிகளிலிருந்து பல பத்து நோய்களைத் தேடுகிறார்கள்.

இந்தியாவில் 1980-இல் பெங்களூரில் அப்பாஜி ராவ் குழுவினர் முன்னோடி முயற்சியைத் தொடங்கினர். பின்னர் கோவா போன்ற சில இடங்களில் திட்டங்கள் எழுந்தன, எல்லாம் நிலைக்கவில்லை. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு. பிறவித் தைராய்டுக் குறைபாடு மொத்தத்தில் 1,130 பேரில் ஒருவருக்கு. சென்னையில் 727 பேரில் ஒருவருக்கு. பிறந்த சில வாரங்களிலேயே உடலின் உப்பு வெளியேறி உயிரைக் குடிக்கக்கூடிய அட்ரீனல் சுரப்பி நோய் மொத்தத்தில் 5,762 பேரில் ஒருவருக்கு. சென்னையில் 2,036 பேரில் ஒருவருக்கு. பின்னது தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றுவது. சென்னையின் எண்ணிக்கையில் நம் திருமண முறைக்கும் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம். எனில் வேலூரின் நல்ல சராசரியைச் சற்று ஐயத்தோடு மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது.

தைராய்டுக் குறைபாட்டுக்கு மருந்து மிக மலிவு. நாளொன்றுக்கு ஒரு சிறு மாத்திரை. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல வளரும். மாதங்கள் கடந்தபின் தொடங்கினால் இழந்த அறிவு திரும்பாது. பிறக்கும்போது அந்தக் குழந்தை பெரும்பாலும் நன்றாகவே தோன்றும். அதிகம் அழாமல் தூங்கும். வீட்டார் அதைச் 'சமத்து' என்பார்கள்.

வேலூர் மருத்துவக் கல்லூரி தன்னிடம் பிறக்கும் குழந்தைகளுக்குத் தைராய்டு சோதனை செய்கிறது. நடுவணரசு 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலிலும் இந்நோய் இடம்பெற்றிருக்கிறது. ஆயினும் நாடு முழுவதும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் எட்டும் இரத்தச் சோதனை இன்னும் இல்லை. இருக்கும் இடங்களிலும் சிக்கல் ஊசியில் இல்லை, முகவரியில் இருக்கிறது. இரத்தம் எடுக்க இரண்டு நாள் கழிவது நல்லது. தாயோ அதற்குள் வீடு திரும்பிவிடுகிறாள். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பாள். கொடுத்த கைபேசி எண் கணவனுடையதாக இருக்கும். அவன் டேனரியில் வேலையாக இருப்பான். சில இடங்களில் தொப்புள்கொடி இரத்தத்தையே சோதிப்பது இதனால்தான். முடிவு வரும் நாளில் குழந்தைக்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். அட்டையில் தாயின் பெயர் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கிராமச் செவிலியர் தெருத்தெருவாக விசாரிக்க வேண்டும்.