புள்ளியாகப் பதிவதால் துகள் ஆகிவிடுமா?

1925 பிப்ரவரியில் நியூயார்க்கில் கிளின்டன் டேவிசனின் ஆய்வுக்கூடத்தில் திரவக் காற்றுக் குடுவையொன்று வெடித்தது. வெற்றிடக் குழாய் உடைந்து, உள்ளே சூடாயிருந்த நிக்கல் தகட்டில் ஆக்சைடு படிந்தது. அதைப் போக்க நெடுநேரம் சூடாக்கியதில் தகட்டின் நுண்படிகங்கள் சில பெரும்படிகங்களாயின. அதில் மோதிய எலெக்ட்ரான்கள் சிதறும் விதமே மாறிப்போனது. 1927இல் டேவிசனும் அவருடைய சக ஆய்வாளர் ஜெர்மரும் ஒற்றைப் படிகத்தைக் கொண்டு அளந்தபோது, 54 வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரான்கள் 50 பாகையில் உச்சம் காட்டின. அதிலிருந்து கிடைத்த அலைநீளம் 1.65 ஆங்ஸ்ட்ராம், பருப்பொருளுக்கும் அலைநீளம் உண்டு என்ற டி பிராயின் 1924ஆம் ஆண்டுச் சமன்பாடு தருவது 1.67. பருப்பொருளுக்கு அலைத்தன்மை உண்டா என்ற வழக்கு அன்றே முடிந்தது. முடியாதது, துகள், அலை இரண்டில் எது அடிப்படை என்பது. ‘இரண்டும்தான்’ என்னும் பாடநூல் விடை கேள்வியை ஒத்திப்போடுகிறது, அவ்வளவே. வெளியெங்கும் பரவிய புலமே அடிப்படை, அதன் கிளர்ச்சிகளை எண்ணும்போது நாம் இடும் பெயரே துகள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதல் மறுப்பு கருவியிலிருந்தே எழுகிறது. 1989இல் இயற்பியலாளர் டோனோமுராவின் குழுவினர் குறுக்கீட்டுக் கருவி வழியே எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினர். திரையில் விழுந்தவை புள்ளிகளே. பத்துப் புள்ளிகளில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. 70,000 சேர்ந்ததும் குறுக்கீட்டுப் பட்டைகள் துலங்கின. புள்ளி விழுகிறதே, பிறகு துகளை எப்படி மறுப்பது? புலம் தன் ஆற்றலை முழு அலகுகளாகவே திரைக்குக் கொடுக்கிறது என்பதைத்தான் புள்ளி காட்டுகிறது. வழியெல்லாம் புள்ளியாகவே வந்தது என்பதற்கு அது சான்றாகாது. தனித்தனியே வந்தவை பட்டைகளாகச் சேர்வது அதற்கு எதிர்ச்சான்று. டேவிட் போமின் ‘வழிகாட்டும் அலை’க் கோட்பாடு துகளுக்குத் திட்டமான பாதை தருவது உண்மை. முரணற்ற விளக்கம்தான், ஆனால் துகள்கள் தோன்றி அழியும் நிகழ்வுகளில் அது திணறுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 1926இல் ஷ்ரோடிங்கர் எலெக்ட்ரானை அலைத் தொகுப்பாகவே காண முயன்று தோற்றார். தொகுப்பு பரவிக் கரைந்துவிடும். இரண்டு எலெக்ட்ரான்களுக்கோ அலை நாம் காணும் மூன்று பரிமாணங்களில் அன்றி ஆறு பரிமாணங்களில் அமையும். ஒப்புக்கொள்ள வேண்டியதே. எனினும் அங்கே தோற்றது, அந்த அலையை விவரிக்கும் கணிதச் சார்பையே (அலைச்சார்பை) பொருளாகக் கொண்ட கருத்து, புலம் அன்று. எல்லா எலெக்ட்ரான்களும் நிறையிலும் மின்னூட்டத்திலும் இம்மியும் பிசகாமல் ஒத்திருப்பதேன்? சின்னஞ்சிறு உருண்டைகள் என்றால் அது வெறும் தற்செயல். ஒரே புலத்தின் கிளர்ச்சிகள் என்றால் வேறுபட வழியே இல்லை. 1924இல் டாக்காவிலிருந்த சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களைத் தனி அடையாளமற்றவையாக எண்ணியதன் ஆழ்பொருளும் இதுவே.

பருப்பொருள் உருவான கதை, புலமே அடிப்படை என்பதை இன்னும் உறுதியாக்குகிறது. பெருவெடிப்புக்குப் பின் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு கடந்த அளவில் குவார்க்குகள் புரோட்டான், நியூட்ரான்களுக்குள் சிறைப்பட்டன. புரோட்டானின் நிறை 938 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். அதிலுள்ள மூன்று குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 9. மீதியெல்லாம் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் புலத்தின் ஆற்றலும், அதில் அடைபட்ட குவார்க்குகளின் இயக்க ஆற்றலுமே. தராசில் ஒரு கிலோ அரிசி வைத்தால், அதில் துகள்களின் சொந்த நிறை பத்து கிராம் அளவுதான்.