கேமிங் கோளாறு (பெரியவர்களில்)

வீடியோ விளையாட்டில் கட்டுப்பாடு இழந்து, வேலையும் உறக்கமும் கெடுவது தெரிந்தும் ஆடிக்கொண்டே இருக்கும் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இடம்பெற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் நோய். நெடுநேரம் ஆடுவது மட்டுமே நோயாகாது. கவனக்குறைவுக் கோளாறு (ஏடிஎச்டி) உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கணக்கு நோட்டில் பத்து நிமிடம் நிற்காத மனம், நொடிக்கு நொடி பரிசு தரும் திரையில் விடியவிடிய நிற்கும். அதைப் பார்த்து, ‘கவனத்துக்கு என்ன குறை, எல்லாம் சோம்பல்’ என்று வீட்டார் முடிவுகட்டுவது தப்புக் கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, இதுபோன்ற தொழில்நுட்பப் பழக்கச் சிக்கல்களுக்கென 2014-இல் ‘ஷட்’ கிளினிக்கைத் தொடங்கியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை நுழையத் தமிழக அரசு 2025-இல் தடை விதித்தது. சிகிச்சை தேடும் ஏற்காட்டுக்காரர்களுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வரும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மலையிலிருந்தபடியே பேச, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 உண்டு. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும்.